பூட்டு, கந்தக அமிலம், ஊறுகாய்: பெட்டி கட்டின வரலாறு

வெளிநாட்டுக்கு குரூப் டூர் கிளம்புற வீட்டுக்கு முந்தின நாள் ராத்திரி போயிருக்கீங்களா? ஹால் நடுவுல பெட்டி வாயைப் பிளந்துக்கிட்டு கிடக்கும். ஒருத்தர் பெட்டியைத் தூக்கிக்கிட்டே எடை மெஷின்ல ஏறி நிப்பாரு, இன்னொருத்தர் குனிஞ்சு நம்பர் பார்ப்பாரு. 23 கிலோவைத் தாண்டிடுச்சுன்னா ஒரு பஞ்சாயத்து நடக்கும். ஸ்வெட்டரை எடுக்கறதா, பருப்புப் பொடியை எடுக்கறதா? பொடிதான் ஜெயிக்கும்னு சொல்லவே வேண்டாம். பக்கத்துலயே டூர் கம்பெனி கொடுத்த லிஸ்ட்: பாஸ்போர்ட் ஜெராக்ஸ், இன்சூரன்ஸ், மாத்திரை, அடாப்டர், குடை.

இந்த மாதிரி லிஸ்ட்டை முதன்முதல்ல யார் போட்டாங்கன்னு தேடப் போனா, அது இருநூறு வருஷத்துக்கும் மேல பின்னாடி இழுத்துட்டுப் போகுது. போற வழியில ஒரு விஷயம் பிடிபட்டுச்சு. டூரின் வரலாறுங்கறது பெட்டி இளைச்ச வரலாறு. ஆனா பெட்டியை விட்டு வெளியே போன ஒவ்வொரு சாமானும் சும்மா மாயமாகல. அந்தப் பொறுப்பு வேற யார் கைக்கோ போச்சு. அந்தக் கை நழுவினா என்ன ஆகும்கறதுதான் மேட்டரே.

மரியானா அம்மணியின் லிஸ்ட்

மரியானா ஸ்டார்க்னு ஒரு இங்கிலாந்து அம்மணி. இவங்க அப்பா நம்ம மெட்ராஸ் பக்கம் கிழக்கிந்தியக் கம்பெனியில உத்தியோகம் பார்த்தவர். உடம்பு சரியில்லாத குடும்பத்தாரைக் கவனிச்சுக்கிட்டு 1790களில் இவங்க பல வருஷம் இத்தாலியில இருந்தாங்க. அந்த அனுபவத்தை வச்சு 1800இல் 'லெட்டர்ஸ் ஃப்ரம் இட்டலி' எழுதினாங்க. நெப்போலியன் போர்கள் 1815இல் முடிஞ்சு இங்கிலாந்துக்காரங்க கூட்டம் கூட்டமா ஐரோப்பாவுக்குக் கிளம்பினப்போ, கையில இருந்தது இவங்களோட பயணப் புத்தகங்கள்தான். ஓவியங்களுக்கு ஆச்சரியக்குறி போட்டு மார்க் கொடுத்ததும் இவங்கதான். ஒரு படம் ரொம்ப நல்லா இருந்தா '!!!'. இன்னிக்கு நாம ஹோட்டலுக்கு ஸ்டார் பார்க்கறதுக்கு முப்பாட்டி அது.

அவங்க சொன்ன சாமான் லிஸ்ட்டைப் பார்த்தா தலை சுத்தும். படுக்கை விரிப்பு, தலையணை, போர்வை, கொசு வலை. கத்தி, கரண்டி, டீ கெட்டில், டீத்தூள், சர்க்கரை. கைத்துப்பாக்கி. எந்தக் கதவுலயும் சில நிமிஷத்துல மாட்டிக்கிற மாதிரி ஒரு பூட்டு. தராசும் எடைக்கல்லும் சேர்த்து ஒரு மருந்துப் பெட்டி. மூட்டைப்பூச்சியை விரட்ட படுக்கையில தெளிக்க லாவண்டர் எண்ணெய். தண்ணி மோசமா இருந்தா பெரிய ஜாடிக்கு அஞ்சு சொட்டு கந்தக அமிலம் விட்டா அழுக்கெல்லாம் அடியில தங்கிடுமாம். (தயவுசெய்து யாரும் வீட்டுல முயற்சி பண்ண வேண்டாம்.)

சிரிப்பு வருதுதான். ஆனா யோசிச்சுப் பாருங்க. சத்திரத்துல படுக்கை ஈரமா இருக்கும், கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்காது, ஊர்ல வைத்தியர் இருப்பாரான்னே தெரியாது. வழியில என்ன நடந்தாலும் யாரும் பொறுப்பில்லை. அதனால ஒரு குட்டி வீட்டையே கட்டித் தூக்கிட்டுப் போனாங்க.

குக் வந்தார், பெட்டி இளைச்சது

தாமஸ் குக் மரவேலை கத்துக்கிட்டவர், சர்ச்சுல பிரசங்கம் பண்றவர், குடிக்கு எதிரா ஊர் ஊராப் போய்ப் பேசினவர். 1841 ஜூலை 5ஆம் தேதி லெஸ்டர்லேர்ந்து லஃப்பரோவுக்கு, சுமார் 18 கிலோமீட்டர், மதுவிலக்குக் கூட்டத்துக்கு ஏறக்குறைய 500 பேரை ரயிலில் கூட்டிட்டுப் போனார். ஆளுக்கு ஒரு ஷில்லிங். குரூப் டூர் கதையை எல்லாரும் இங்கேர்ந்துதான் ஆரம்பிப்பாங்க.

1855இல் ஆட்களைக் கூட்டிக்கிட்டு கடல் தாண்டினார். 1863இல் சுவிட்சர்லாந்து. அந்த முதல் சுவிஸ் டூர்ல யார்க்‌ஷரைச் சேர்ந்த ஜெமிமா மாரெல்னு ஒரு பெண் போனாங்க. தினமும் குறிப்பு எழுதினாங்க. அது புத்தகமா அச்சானது சரியா நூறு வருஷம் கழிச்சு, 1963இல்தான். தரையைத் தொடற பாவாடையோட பனிப்பாறை மேல நடந்திருக்காங்க! அன்னிக்கு ட்ரெக்கிங் பேன்ட் எல்லாம் ஏது?

குக் செஞ்ச பெரிய வேலை ரயில் டிக்கெட் வாங்கித் தந்தது மட்டும் இல்லை. 1868இல் ஹோட்டல் கூப்பன் கொண்டு வந்தார். படுக்கைக்கும் சாப்பாட்டுக்கும் ஊர்லயே காசு கட்டிட்டு, அங்க போய் சீட்டைக் கிழிச்சுக் கொடுத்தா போதும். 1874இல் சுற்றறிக்கை நோட்டு மாதிரி ஒண்ணு, 'சர்க்குலர் நோட்'. குக்கோட ஏற்பாடு இருக்கிற ஹோட்டல், வங்கியில காட்டினா அந்த ஊர் காசு கிடைக்கும். பின்னாடி வந்த டிராவலர்ஸ் செக்குக்கு இது அண்ணன். பெட்டியிலேர்ந்து தலையணை, கெட்டில், தங்க நாணயம், கைத்துப்பாக்கி எல்லாம் ஒவ்வொண்ணா இறங்கிடுச்சு. அதுக்குப் பதிலா ஏறினது கொஞ்சம் காகிதம். எங்க பாஷையில சொன்னா, லோக்கல்ல ஓடிட்டிருந்ததை எல்லாம் சர்வருக்கு மாத்தியாச்சு.

மேட்டுக்குடி ஆட்களுக்குப் பொறுக்குமா? சார்லஸ் லீவர்னு ஒரு நாவலாசிரியர், இத்தாலியில பிரிட்டிஷ் துணைத் தூதரா இருந்தவர். 1865இல் குக் கூட்டத்தைக் கிழிகிழின்னு கிழிச்சு எழுதினார். ஆஸ்திரேலியா இனிமே குற்றவாளிகளை ஏத்துக்க மாட்டேன்னு சொன்னதால பிரிட்டிஷ் அரசாங்கம் இத்தாலிக்கு அனுப்பி வைக்குதுன்னு கதை கட்டினாராம். கடைக்காரரும் வாத்தியாரம்மாவும் ஆல்ப்ஸ் மலையைப் பார்க்கறது அவருக்கு அவ்வளவு எரிச்சல்.

அதே காலத்து பெடெக்கர் கைடு புத்தகங்கள் இன்னொரு விஷயத்தைச் சொல்லுச்சு. பெட்டியை ரொம்பக் கனமா கட்டாதீங்க, தூக்கற போர்ட்டருக்குப் பலமா அடிபடுது, கனமான சாமானைச் சின்னப் பெட்டியில வையுங்கன்னு. இன்னிக்கு விமான நிலையத்துல ஒரு பெட்டி 32 கிலோவைத் தாண்டக்கூடாதுங்கறதுக்கும் அதேதான் காரணம். அந்தப் பக்கம் பெல்ட்டுல ஒரு மனுஷன் அதைத் தூக்கணும்.

பச்சைக் கண்ணாடி கொண்டு வரவும்

அமெரிக்காவுலேர்ந்து கிளம்பின ஒரு டூர் லிஸ்ட்டும் ருசியானது. 1867 ஜூன்ல நியூயார்க்லேர்ந்து 'குவேக்கர் சிட்டி'ன்னு ஒரு நீராவிக் கப்பல் ஐரோப்பா, எகிப்து, பாலஸ்தீனம்னு சுத்திக் காட்டக் கிளம்புச்சு. கட்டணம் 1250 டாலர். காசு மட்டும் இருந்தா போதாது, விண்ணப்பத்தைப் பார்த்து ஒரு கமிட்டி ஓகே சொல்லணும். பயணிகள் கொண்டு வர வேண்டியது: சின்னச் சின்ன இசைக் கருவி, எகிப்து வெயிலுக்குப் பச்சைக் கண்ணாடி, குடை, முகத்திரை, குதிரைச் சேணம், புனித பூமியில அலையறதுக்கு முரட்டுத் துணி. கூட வர்றதா விளம்பரம் பண்ணின பெரிய மனுஷங்க, ஜெனரல் ஷெர்மன் உட்பட, கடைசியில வரல. பத்திரிகை ஒண்ணு காசு கட்டி அனுப்பி வச்ச ஒரு இளைஞர் வந்தார். பேரு மார்க் ட்வைன். அந்தப் பயணத்தை வச்சு அவர் எழுதின 'தி இன்னசன்ட்ஸ் அப்ராட்' 1869இல் வந்துச்சு.

கஃபன் துணி

இதுவரை பார்த்தது எல்லாம் காசுள்ளவங்க பெட்டி. அதே குக் கம்பெனி 1881இல் பம்பாய்ல ஆபீஸ் திறந்துச்சு. அந்தத் துறைமுகத்துலேர்ந்து ஹஜ்ஜுக்குக் கிளம்பினவங்க மூட்டையில வேற சாமான் இருந்துச்சு.

சமையல் பாத்திரம், அரிசி, மாவு, பருப்பு. கப்பல்ல சாப்பாட்டை அவங்களேதான் பார்த்துக்கணும். இஹ்ராம் துணி. பல பேர் மூட்டையில கஃபன் துணியும், அதாவது இறந்தா போர்த்தற வெள்ளைத் துணி. ஜம்ஜம் தண்ணியில நனைச்சுக் கொண்டு வரணும்கற ஆசைக்கும் ஆச்சு, திரும்ப முடியலைன்னா அங்கேயே உதவறதுக்கும் ஆச்சு. கிளம்பறதுக்கு முன்னாடி கடனை அடைக்கணும், திரும்பி வர்ற வரைக்கும் குடும்பம் சாப்பிட வழி பண்ணணும், மனஸ்தாபம் உள்ளவங்ககிட்ட போய் மன்னிப்பு கேட்கணும். கடைசி நிமிஷ வேலைன்னா அதுதான் வேலை. இன்னிக்கும் ஹஜ்ஜுக்குக் கிளம்பறவங்க சொந்தக்காரங்க வீடு வீடாப் போய் மன்னிப்பு கேட்டுட்டுத்தான் போறாங்க.

பயம் காரணமில்லாம வரல. 1880இல் 'ஜெத்தா'ன்னு ஒரு கப்பல், 900க்கும் மேற்பட்ட ஹஜ் பயணிகளோட போயிட்டிருந்தப்போ தண்ணி உள்ள புகுந்துச்சு. கேப்டனும் அதிகாரிகளும் பயணிகளை அம்போன்னு விட்டுட்டு படகுல ஏறித் தப்பிச்சாங்க. கப்பல் முழுகிப் போச்சுன்னும் சொல்லிட்டாங்க. ஆனா கப்பல் முழுகல. இன்னொரு கப்பல் அதை ஏடனுக்கு இழுத்துட்டு வந்துச்சு, பயணிகளோட! ஜோசஃப் கான்ராட் 1900இல் எழுதின 'லார்ட் ஜிம்' நாவலுக்குக் கரு இதுதான்.

இது ஒரு பக்கம். திரும்பக் காசில்லாம ஜெத்தா ஊர்ல தவிச்சுக்கிட்டு நின்னவங்க இன்னொரு பக்கம். பிரிட்டிஷ் இந்திய அரசு 1886இல் குக் கம்பெனியை ஹஜ் பயண ஏஜென்ட்டா நியமிச்சுது. ரயில், கப்பல், திரும்பி வர்ற டிக்கெட் எல்லாம் ஒரே இடத்துல. லண்டன்காரங்களுக்கு வசதியா இருந்த ரிட்டர்ன் டிக்கெட், இங்க உயிரைக் காப்பாத்தற விஷயம். ஆனா ஏழைங்களால அந்தக் காசை முன்கூட்டியே கட்ட முடியல, கம்பெனிக்கும் கட்டுப்படியாகல. 1893இல் ஏற்பாடு முடிஞ்சு போச்சு. சுவிட்சர்லாந்து போனவங்க பெட்டியை இளைக்க வச்ச அதே ஆளால, கஃபன் துணியை மூட்டையிலேர்ந்து இறக்க முடியல.

காகிதம் செல்லாத நாள்

1914 ஆகஸ்ட்ல முதல் உலகப் போர் வெடிச்சப்போ, லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் ஐரோப்பாவுல மாட்டினாங்க. நல்ல வசதியான ஆளுங்க. கையில வங்கிக் கடிதம், செக் எல்லாம் இருக்கு. ஆனா வங்கி மூடியிருக்கு, ஹோட்டல்ல காகிதம் வேண்டாம், காசு கொடுங்கறாங்க. ரயிலை எல்லாம் ராணுவம் எடுத்துக்கிச்சு. லண்டன்ல இருந்த ஒரு சுரங்க இன்ஜினியர் கமிட்டி போட்டு இவங்களுக்குக் கடன் கொடுத்து ஊர் அனுப்பி வச்சார். அவர் பேரு ஹெர்பர்ட் ஹூவர், பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதி. அமெரிக்க அரசு 'டென்னசி'ங்கற போர்க்கப்பல்ல தங்கத்தை ஏத்தி அனுப்புச்சு. அறுபது வருஷமா பெட்டியிலேர்ந்து இறங்கின தங்கம், மறுபடியும் கப்பல் ஏறிடுச்சு!

ஊறுகாய் ருசிக்கு மட்டும் இல்லை

நம்ம ஊர் பெட்டிக்கு வருவோம். ஊறுகாய், தொக்கு, புளிக்காய்ச்சல் இல்லாம நம்மாளு கிளம்ப மாட்டான்னு கிண்டல் பண்றோம். ஆனா 1960, 70கள்ல வெளிநாடு போன ஒருத்தர்கிட்ட கேட்டுப் பாருங்க, கையில 8 டாலரோட போய் இறங்கின கதையைச் சொல்வார். அன்னியச் செலாவணிக்கு அவ்வளவு பஞ்சம். டிக்கெட் வாங்கவே ரிசர்வ் வங்கியோட 'பி ஃபாரம்' அனுமதி வேணும். 1973இல் ஃபெரா சட்டம் இன்னும் இறுக்குச்சு. வெளியில ஒரு வேளை சாப்பிட டாலர் இல்லாதவன் சோத்தைக் கட்டித்தான் எடுத்துட்டுப் போகணும். மரியானா அம்மணி கெட்டில் கட்டினதுக்கும் நம்ம பாட்டி தொக்கு கட்டினதுக்கும் காரணம் ஒண்ணுதான். 2000 ஜூன்ல ஃபெரா போய் ஃபெமா வந்துச்சு, 2004லேர்ந்து வருஷத்துக்கு 25,000 டாலர் வரை தாராளமா அனுப்பலாம்னு ஆச்சு, அப்புறம் அதுவும் ஏறுச்சு. இப்போ சில டூர்ல சமையல்காரரே கூட வர்றார். தொக்கும் அவுட்சோர்ஸ் ஆயிடுச்சு. ஆனாலும் பாட்டில் பெட்டியில இருக்கு பாருங்க, அது பழைய நினைப்பு.

2019 செப்டம்பர் 23

இந்த நாள்ல, 178 வருஷ வரலாறு உள்ள பிரிட்டனின் தாமஸ் குக் கம்பெனி திவாலாச்சு. (இந்தியாவுல அதே பேர்ல இருக்கிறது தனிக் கம்பெனி, அதுக்கு ஒண்ணும் ஆகல.) உலகம் முழுக்க சுமார் 6,00,000 பேர் டூர்ல இருந்தாங்க, அதுல 1,50,000 பேர் பிரிட்டன்லேர்ந்து போனவங்க. துனீசியாவுல ஒரு விடுதியில, கம்பெனி பாக்கியை நீங்க கட்டுங்கன்னு கேட்டு விருந்தாளிங்களை வெளியே விடாம கேட்டைப் பூட்டினாங்க. ஊர்லயே முழுக் காசும் கட்டிட்டு வந்தவங்க அவங்க. 1868இல் பிறந்த கூப்பன், மதிப்பில்லாத சீட்டா நின்னுச்சு.

அவங்களைக் காப்பாத்தினது பெட்டியில இருந்த எதுவும் இல்லை. 1970கள்லயும் பிரிட்டன்ல டூர் கம்பெனிகள் கவிழ்ந்திருக்கு. 1974இல் கோர்ட் லைன் கவிழ்ந்தப்போ பல்லாயிரம் பேர் வெளிநாட்டுல தவிச்சாங்க. அந்த அனுபவத்துல வளர்ந்த 'அட்டால்'ங்கற பாதுகாப்புத் திட்டமும் நிதியும் இருந்துச்சு. அரசு விமானங்களை வாடகைக்குப் பிடிச்சு ரெண்டே வாரத்துல எல்லாரையும் ஊருக்குக் கொண்டு வந்துச்சு. அந்த வேலைக்கு வச்ச பேரு 'ஆபரேஷன் மேட்டர்ஹார்ன்'. குக்கோட ஆளுங்க பார்க்கப் போன அதே சுவிஸ் மலை.

எங்க தொழில்ல 'சிங்கிள் பாயிண்ட் ஆஃப் ஃபெயிலியர்'னு சொல்லுவோம். ஒரு இடம் படுத்தா எல்லாமே படுத்துடும். இப்போ டிக்கெட், காசு, ஹோட்டல், மேப், கைடு நம்பர் எல்லாம் ஒரே போன்ல. குரூப் டூர்ல போறது தப்புன்னு நான் சொல்ல வரல. அறுபது வயசுல முதல் தடவையா விமானம் ஏறுற அப்பா அம்மாவை நம்பி அனுப்ப வேற என்ன வழி? ஆனா கிளம்பற ராத்திரி எடை மெஷினை விட்டு இறங்கினதும் ரெண்டு நிமிஷம் செலவு பண்ணலாம். புக் பண்றப்போ கொடுத்த காகிதத்துல கம்பெனி கவிழ்ந்தா யார் பொறுப்புன்னு ஒரு வரி இருக்கான்னு பாருங்க. இன்சூரன்ஸ்ல அது அடங்குமான்னு கேளுங்க. ஹோட்டல் முகவரி, தூதரக நம்பர், மருந்துச் சீட்டு இதையெல்லாம் காகிதத்துல எழுதி, கொஞ்சம் ரொக்கம், ரெண்டு நாள் மாத்திரையோட கைப்பையில வையுங்க. பெரிய பெட்டியில வேண்டாம், அது வேற ஊருக்குப் போயிடலாம்.

எல்லாம் சேர்ந்து கால் கிலோ கூட வராது. பருப்புப் பொடிக்கும் இடம் இருக்கும் :-)