கேள்வி கேட்கும் பதினெண்மர்

ஆவடி! 1955 ஜனவரித் திங்களில் இந்தியத் துணைக்கண்டமே திரும்பிப் பார்த்த ஊர். காங்கிரஸ் மாநாடு அங்கே கூடிற்று. தேபர் தலைமை வகித்தார்; நேரு பேசினார்; சோஷலிச பாணிச் சமுதாயம் அமைப்போம் எனத் தீர்மானம் நிறைவேறிற்று. கைதட்டல் ஓய்ந்தது, பந்தலும் பிரிக்கப்பட்டது. "வாக்களித்தீரே, நிறைவேற்றினீரா?" என்று பின்னாளில் கேட்பது யார்?

அக்கேள்விக்கு உலகம் தேடிய விடையின் வரலாற்றை ஈண்டு எடுத்துரைக்க விழைகிறோம்.

ஆண்டவன் பார்த்துக்கொள்வான் என்றிருந்த காலம் ஒன்றுண்டு. பார்த்துக்கொண்டுதான் இருந்தான் போலும், வேறொன்றும் செய்தானில்லை! 1919-இல் பிறந்த பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு, 1926-இல் மனித அறிவை நம்பியதோர் ஏற்பாட்டைக் கண்டது. அரசுகள் கையொப்பமிட்ட தொழிலாளர் உடன்படிக்கைகள் நடைமுறைக்கு வந்தனவா என்று ஆராய, எந்த அரசுக்கும் கட்டுப்படாத சட்ட வல்லுநர் குழுவை அமைத்தது. அக்குழுவிடம் படையில்லை, சிறையில்லை. அறிக்கை கேட்கும்; படிக்கும்; சொல்லுக்கும் செயலுக்கும் இடையேயுள்ள தூரத்தை அளந்து எழுதும்.

1966 டிசம்பர் 16 அன்று ஐக்கிய நாடுகள் பேரவை பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கென ஓர் உடன்படிக்கையை ஏற்றது. வேலை, நியாயமான கூலி, சங்கம், உணவு, உறைவிடம், மருத்துவம், கல்வி ஆகியவை பிச்சையல்ல, உரிமை என்றது அது. 1979 ஏப்ரல் 10 அன்று இந்தியா அதில் இணைந்தது. இணையும்போது, பதவி உயர்வில் சமவாய்ப்பு என்னும் விதியை அரசியல் சட்டத்தின் 16(4) பிரிவுக்கு இணங்கவே பொருள் கொள்வோம் என்று அறிவித்தது. பிற்படுத்தப்பட்டோர்க்கு இடஒதுக்கீடு தரும் பிரிவன்றோ அது! 'தகுதி, திறமை' என்று ஓயாது ஓதுவோர் இச்செய்தியைப் படிக்கட்டும்.

தொடக்கத்தில் அரசுகளின் தூதர்களே அரசுகளின் அறிக்கைகளைப் படித்தனர். கள்ளனும் காவலனும் ஒருவனே என்றால் களவு பிடிபடுமா? பயன் விளையாமை கண்டு, 1985-இல் பதினெட்டு வல்லுநர் கொண்ட குழு அமைக்கப்பட்டது; 1987-இல் முதன்முறை கூடிற்று. ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஒவ்வோர் அரசும் அறிக்கை தர வேண்டும். குழு வினாக்களைத் தொகுத்து அனுப்பும்; ஜெனீவாவில் அதிகாரிகளை நேரில் அமர்த்திக் கேட்கும்; தன் முடிவுகளை வெளிப்படையாக எழுதும். இதில் சுவையானது ஒன்றுண்டு. மக்கள் இயக்கங்களும் மாற்று அறிக்கை அனுப்பலாம். அரசு சொல்லாமல் விட்டது அவ்வழியே குழுவின் மேசைக்கு வந்து சேரும்.

இந்தியா என்ன செய்தது? இரண்டாம் அறிக்கை முதல் ஐந்தாம் அறிக்கை வரை ஒரே கட்டாகக் கட்டி அனுப்பியது! 2008 மே மாதம் அக்கட்டு ஆராயப்பட்டது. சட்டங்கள் இருந்தும் சாதிக்கொடுமை நீங்கவில்லை என்று குழு கவலை தெரிவித்தது. மறு ஆண்டு வெளியிட்ட பொது விளக்கத்தில், பிறப்பின் பெயரால் காட்டும் வேற்றுமை என்பதில் சாதியும் அடங்கும் என்று எழுதிற்று. ஈரோட்டில் முழங்கிய உண்மை ஜெனீவாவின் ஏட்டில் ஏற அத்தனை ஆண்டுகள் ஆயின.

மீண்டும் ஆவடிக்கு வருவோம். ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி வட்டாரத்தில் ஆலைகள் பெருகின. டாங்கியும் சைக்கிளும் செய்தனர். வீடுகளும் பெருகின, வீட்டுக்கொரு செப்டிக் டேங்க். அதில் இறங்கியவர் யார்? எந்தச் சாதியார்? கேட்கவும் வேண்டுமோ! நச்சுக்காற்றில் உயிர் போனது ஆவடியிலும் உண்டு.

வேலையில் வேற்றுமை கூடாது என்னும் 111-ஆம் உடன்படிக்கையை இந்தியா 1960-இலேயே ஏற்றது. அதை வைத்துத் தொழிலாளர் அமைப்பின் வல்லுநர்கள் மலம் அள்ளும் கொடுமையைப் பற்றி மீண்டும் மீண்டும் வினவினர். சட்டம் இருக்கிறது என்பது அரசின் விடை. 1993-இல் ஒரு சட்டம். போதாதென்று 2013-இல் இன்னொன்று. 2014-இல் உச்ச நீதிமன்றம் பன்னாட்டு உடன்படிக்கைகளையும் எடுத்துக்காட்டி, 1993 முதல் சாக்கடையில் மாண்ட ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் தர ஆணையிட்டது. 2023-இல் அத்தொகை 30 லட்சமாயிற்று. தொகை உயர்ந்தது, தொட்டிக்குள் இறங்குவது நின்றபாடில்லை.

அடுத்த அறிக்கையை 2011 ஜூன் 30-க்குள் தருமாறு ஜெனீவாக் குழு இந்தியாவுக்குக் கெடு வைத்திருந்தது. அந்த நாள் வந்தது. அறிக்கை வரவில்லை.