யோஷினோ மலையும் காணிக்கை மரங்களும்

ஜப்பான் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது 'சகுரா' எனப்படும் செர்ரிப் பூக்கள்தான். பூத்த மரங்களைக் காணக் கூட்டம் கூட்டமாகச் செல்வதை ஜப்பானியர்கள் 'ஹனாமி' என்கிறார்கள். அதற்கு மிகவும் பெயர் பெற்ற இடம் நாரா மாநிலத்தில் உள்ள யோஷினோ மலை. ஒசாகாவில் காலையில் ரயில் ஏறினால் மலையைப் பார்த்துவிட்டு இரவுக்குள் வீடு திரும்பிவிடலாம். ஆனால் அந்த ஒரு நாளில் கண்ணில் படும் காட்சி உருவாக ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று!

இம்மலையில் சுமார் 30,000 செர்ரி மரங்கள் உள்ளன. யாரும் அழகுக்காகத் திட்டமிட்டு அமைத்த தோட்டம் அல்ல இது. 7ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த எந்நோ கியோஜா என்ற துறவி, இங்கே தவம் செய்தபோது சாவோ கொங்கென் என்ற தெய்வத்தைக் கண்டு, அந்த உருவத்தைச் செர்ரி மரத்தில் செதுக்கினார் என்பது ஐதீகம். அன்று முதல் செர்ரி இம்மலையின் புனித மரம் ஆனது. வழிபட வந்த பக்தர்கள் மரக்கன்றுகளைக் காணிக்கையாக நட்டார்கள். 1579இல் சுயேயோஷி கன்பே என்ற ஒசாகா பகுதி வணிகர் 10,000 கன்றுகளை வழங்கினார். ஒரு கிளையை வெட்டியவன் ஒரு விரலை இழப்பான் என்று எச்சரிக்கும் சொல்வழக்கும் இங்கு உண்டு.

அரசியலும் இம்மலையைத் தேடி வந்தது. கியோட்டோவிலிருந்து தப்பிய பேரரசர் கோ-தைகோ 1336இல் இங்கே தனி அரசவை அமைத்தார். 1339இல் இங்கேயே இறந்தார். இரண்டு அரசவைகளாகப் பிரிந்த நாடு 1392இல்தான் ஒன்றானது.

1594இல் நாட்டையே தன் கைக்குள் வைத்திருந்த தொயோதோமி ஹிதேயோஷி, சுமார் 5,000 பேருடன் பூப்பார்க்க வந்தார். டோக்குகவா இயேயாசுவும் உடன் வந்திருந்தார். ஆனால் மூன்று நாட்கள் விடாமல் மழை! மழை நிற்காவிட்டால் மலையையே கொளுத்திவிடுவேன் என்று அவர் மிரட்டியதாகவும், துறவிகள் வேண்டிக்கொள்ள மழை நின்றதாகவும் ஒரு கதை உண்டு. கொரியா மீது படையெடுத்த மனிதரால் மழையை வெல்ல முடியவில்லை! 1598இல் அவர் இறந்தார். பின்னர் ஆட்சி இயேயாசுவின் கைக்குப் போனது.

மலைக்குப் பெரிய சோதனை மெய்ஜி காலத்தில் வந்தது. புத்த மதத்தையும் ஷிந்தோவையும் பிரித்த அரசு, இரண்டும் கலந்த மலைத்துறவி மரபான ஷுகெந்தோவை 1872இல் தடை செய்தது. மலையின் முக்கியக் கோயிலான கின்புசென்-ஜி சில ஆண்டுகள் கோயில் என்ற தகுதியையே இழந்து, 1886இல் மீண்டது. 2004இல் இம்மலை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னத்தின் ஒரு பகுதியானது.

இன்னொரு செய்தி. ஜப்பான் நகரங்களில் பரவலாகக் காணப்படும் 'சோமெய் யோஷினோ' வகை இம்மலையைச் சேர்ந்தது அல்ல. எடோ நகரத்து நாற்றங்கால்காரர்கள் யோஷினோவின் புகழை நம்பி அந்தப் பெயரில் விற்றது. ஒட்டுக்கட்டி வளர்க்கப்படுவதால் ஓரிடத்தில் அவை எல்லாம் ஏறக்குறைய ஒன்றாகப் பூக்கும். மலையில் இருப்பவை பெரும்பாலும் விதையிலிருந்து வளரும் காட்டுச் செர்ரி மரங்கள். பூவோடு செந்தளிரும் சேர்ந்து வரும். ஏப்ரலில் அடிவாரத்தில் தொடங்கும் பூப்பு மெல்ல மெல்ல உச்சிக்கு ஏறும்.

முதுமையால் மரங்கள் பட்டுப்போவதும் உண்டு. உள்ளூர் மக்கள் விதை சேகரித்து, கன்று வளர்த்து, அந்த இடங்களில் நடுகிறார்கள். மிரட்டியவர்களால் அல்ல, இப்படி நட்டவர்களால்தான் யோஷினோ இன்றும் பூக்கிறது.