இதயமே, காட்டிக் கொடுக்காதே!

செத்த பிறகு என்ன நடக்கும்? இந்தக் கேள்விக்குப் படம் போட்டுப் பதில் சொன்னவர்கள் பண்டைய எகிப்தியர்கள்!

லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் ஒரு பாப்பிரஸ் சுருள் இருக்கிறது. சுமார் 3,250 வருடங்களுக்கு முன்பு, அனி என்கிற எழுத்தருக்காகத் தயாரானது. நீளம் 24 மீட்டர்! கல்லறையில் கூடவே வைத்து அனுப்பும் மறு உலக வழிகாட்டி அது. 1888-ல் வாலிஸ் பட்ஜ் என்பவர் மியூசியத்துக்காக அதை வாங்கினார்.

அதில் முக்கியமான காட்சி, தீர்ப்பு! நடுவில் ஒரு தராசு. ஒரு தட்டில் அனியின் இதயம். இன்னொன்றில் ‘மாஅத்’ எனும் சத்திய தேவதையின் ஒரே ஒரு இறகு. நரித்தலை அனுபிஸ் எடை பார்க்க, பறவைத்தலை தோத் கையில் எழுதுகோலோடு நிற்கிறார் (நம்ம ஊர் சித்ரகுப்தன் ஞாபகம் வருகிறதா?). பின்னால் முதலைத் தலை, சிங்க உடம்பு, நீர்யானைப் பின்பக்கத்தோடு அம்மித் என்கிற பிராணி! இதயம் கனத்தால் அது அப்படியே விழுங்கிவிடும். அப்புறம் மறு வாழ்வும் கிடையாது, ஒன்றும் கிடையாது. அவ்வளவுதான்... ஆள் காலி!

(உயிர் பல பிராணிகளாகப் பிறந்து, 3,000 வருஷம் கழித்து மறுபடி மனிதனாகும் என்று எகிப்தியர்கள் நம்பியதாக கிரேக்க ஹெரோடோட்டஸ் எழுதிவைத்தார். எகிப்தியர்களின் சுருள்களில் அப்படி எதுவும் இல்லை. பருந்தாக, தாமரையாக விரும்பிய உருவம் எடுக்க மந்திரங்கள் உண்டு. அதைக் கேட்டு அவர் குழம்பியிருக்கலாம்!)

விசாரணையில் 42 தெய்வங்கள். ஒவ்வொருவரிடமும் ஒரு மறுப்பு சொல்ல வேண்டும். திருடவில்லை, கொலை செய்யவில்லை, ஒட்டுக்கேட்கவில்லை... இப்படி 42 ‘இல்லை’கள்! மனப்பாடம் செய்து ஒப்பித்துவிடலாம் என்கிறீர்களா? அங்கேதான் ஒரு சிக்கல்!

மம்மி செய்யும்போது மூளையை மூக்கு வழியாகக் கொக்கி போட்டு எடுத்து, தூக்கி எறிந்துவிடுவார்கள். ஆனால், இதயத்தை மட்டும் உள்ளேயே விட்டுவைப்பார்கள். காரணம், யோசிப்பதும் ஞாபகம் வைத்திருப்பதும் இதயம்தான் என்பது அவர்கள் நம்பிக்கை. அப்படியானால் செய்த தப்பு எல்லாம் அதற்குத் தெரியுமே! தராசில் உட்கார்ந்து உண்மையைப் போட்டு உடைத்துவிட்டால்?

அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். வண்டு வடிவத்தில் ஒரு கல், பெரும்பாலும் பச்சைக் கல். அதன் அடியில் ஒரு மந்திரம். ‘இதயமே, எனக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிடாதே’ என்று கெஞ்சுகிற மந்திரம்! அதை மம்மியின் மார்பில் வைத்தார்கள்.

வசதியுள்ளவர்கள் வாங்க, சுருள்கள் ‘ரெடிமேடாக’வும் தயாராயின. பெயர் எழுத வேண்டிய இடம் மட்டும் காலி! சிலவற்றில் அந்த இடம் கடைசிவரை நிரப்பப்படவே இல்லை. அனியின் படத்தில் தராசு சமமாகத்தான் நிற்கிறது. பாவம், அம்மித் பட்டினி!

கவனித்தீர்களா? 42 தெய்வங்களுக்கு முன்னால் துணிந்து ‘இல்லை’ சொல்லத் தயாராக இருந்தவர்கள், தங்கள் நெஞ்சுக்கு மட்டும் பயந்திருக்கிறார்கள். அதனிடம் பொய் எடுபடாது. கெஞ்சத்தான் முடியும் என்பது அன்றைக்கே அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

நாளைக்கே உங்கள் இதயத்தைத் தராசில் வைத்தால்..? என்னது, அந்தப் பச்சைக் கல் வண்டு எங்கே கிடைக்கும் என்றா கேட்கிறீர்கள்?!