உப்பு சுமந்தவர்கள் குற்றவாளிகளான கதை

‘குறவன்னா களவாணி’ என்று ஊரில் யோசிக்காமல் சொல்கிறார்கள். அந்தக் களவு எப்போது தொடங்கியது என்று கேட்டால் பதில் வராது.

உப்புக்குறவர்கள் கடற்கரையில் உப்பு வாங்கி, கழுதை மேலும் மாட்டு மேலும் பொதியேற்றி உள்நாட்டுக்குக் கொண்டுபோனவர்கள். திரும்பும்போது தானியம் வரும். வண்டி போகாத ஊருக்கும் உப்பு போய்ச் சேர்ந்தது இவர்கள் காலால்தான். வழியில் மாடு மேயப் புறம்போக்கு, கூடை முடைய மூங்கிலுக்குக் காடு. நாடோடிக் கூட்டம் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். அவர்கள் செய்தது வியாபாரம்.

1805இல் சென்னை மாகாணத்தில் கம்பெனி உப்பைத் தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு ரயில் ஓடியது. தண்டவாளம் நீள நீள உப்புமூட்டை ரயிலேறியது. கழுதைக்கு வேலை போச்சு. 1876-78 பஞ்சத்தில் தானியமும் இல்லை, மாடும் செத்தது. 1882 வனச்சட்டம் காட்டை அடைத்தது. மூங்கில் வெட்டினால் கேஸ், மாடு மேய்ந்தால் அபராதம். நேற்றுவரை பொழப்பு, இன்றைக்குக் குற்றம். சிலர் திருடியும் இருக்கலாம். பஞ்சத்தில் எந்தச் சாதியில்தான் திருட்டு நடக்கவில்லை? சாதிப் பெயரோடு பதிவேட்டில் ஏறியது யாருடைய திருட்டு என்பதுதான் விஷயம்.

குற்றப்பழங்குடிகள் சட்டம் 1871இல் வடக்கே வந்தது. தச்சன் மகன் தச்சனாவதுபோலத் திருடன் மகன் திருடனாவான் என்பதுதான் அதற்கு ஆதரவாக வைத்த வாதம். மனு சொன்னதை வெள்ளைக்காரன் சட்டமாக்கிக் கொடுத்தான். 1911 திருத்தத்துக்குப் பின் நம் மாகாணத்துக்கும் வந்தது. ஜனங்கள் வாயில் அது ரேகைச் சட்டம். சர்க்கார் ஒரு சாதியை அறிவித்துவிட்டால் கோர்ட்டுகூட அதைக் கேள்வி கேட்க முடியாது. பத்து விரலையும் உருட்டி வை, ஊரைவிட்டுப் போனால் சொல்லிவிட்டுப் போ. பட்டியலிட்ட குற்றத்தில் இரண்டாம் தடவை தண்டனை என்றால் ஏழு வருஷத்துக்குக் குறையாது. மூன்றாம் தடவை ஆயுளுக்கும் நாடுகடத்தல். பிரமலைக் கள்ளர்கள் மேலும் இது பாய்ந்தது. ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது. தென்னார்க்காட்டு வேப்பூர்ப் பறையர்களும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். நம் ஆட்களிலேயே இது எத்தனை பேருக்குத் தெரியும்?

தண்டனையிலும் வரவு உண்டு. குண்டூர்ப் பக்கம் ஸ்டூவர்ட்புரம் செட்டில்மென்ட்டை சால்வேஷன் ஆர்மி நடத்தியது. தெலுங்குப் பக்கத்துக் குறவர்களான எருகலர்களை அங்கே குடியேற்றினார்கள். சீராலா புகையிலைக் கம்பெனிக்கு அங்கிருந்து கூலிக்கு ஆள் போனது. வேலையைப் போட்டுவிட்டு ஓடினால் பிடித்துவரப் போலீஸ் இருந்தது. எந்த முதலாளிக்குக் கிடைக்கும் இப்படி ஒரு மேஸ்திரி? வியாபாரியை முதலில் திருடனாக்கி, அப்புறம் திருத்துகிறோம் என்று கூலியாக்கினார்கள். சீர்திருத்தம் என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள்.

சென்னை மாகாணத்தில் 1947இல் சட்டம் ரத்தானது. நாடு முழுக்க 1952இல். இடையில் 1948இலேயே இங்கே வழக்கக் குற்றவாளிகள் சட்டம் வந்துவிட்டது. சட்டத்தில் சாதிப்பெயர் போனது. ஸ்டேஷன்காரர் மனசில் பட்டியல் அப்படியே இருந்தது. 1993இல் விருத்தாசலம் பக்கம் கம்மாபுரம் காவல்நிலையத்துக்குத் திருட்டுக் கேஸில் பிடித்துப்போன குறவர் ஒருவர் அடித்தே கொல்லப்பட்டார். அவர் கூலிக்காரர். போலீஸ்காரர்கள் தண்டிக்கப்பட 2006 ஆனது, அதுவும் அவர் மனைவி விடாமல் நின்றதால். 2021இல் அந்த வழக்கு ‘ஜெய் பீம்’ என்று படமானது. படத்தில் அவர் இருளராக வருகிறார்.