கோணல் மூக்கும் கொஞ்சம் சரித்திரமும்

போன வாரம் விசா புதுப்பிக்கறதுக்காக ஷார்ஜாவுல ஒரு ஸ்டுடியோவுக்குப் போட்டோ எடுக்கப் போயிருந்தேன். போட்டோக்காரர் நம்ம ஊர்க்காரர்தான். என் தாடையைப் பிடிச்சு இடது பக்கம் திருப்பினார், வலது பக்கம் திருப்பினார். கடைசியில, "தலை நேராத்தான் இருக்கு தம்பி, மூக்குதான் ஒத்துழைக்க மாட்டேங்குது"ன்னு சொல்லிட்டு எடுத்து முடிச்சார்.

அந்தப் போட்டோவை அம்மாவுக்கு வாட்ஸப்புல அனுப்பினேன். அஞ்சே நிமிஷத்துல போன். "அடுத்த லீவுக்கு வரும்போது டாக்டர்கிட்ட காட்டி மூக்கை நேராக்கிடலாம்டா. நாளைக்குப் பொண்ணு பாக்கணும்ல." படிப்பே இன்னும் முடியல, அதுக்குள்ள பொண்ணாம் :)

கோணலுக்குக் காரணம் ஒரு கிரிக்கெட் பந்து. ஒன்பதாவது படிக்கும்போது நேரா மூக்குல வாங்கினேன். ரத்தம் நின்னுது, ஐஸ் வெச்சாங்க, வீக்கம் வடிஞ்சது, எல்லாரும் மறந்துட்டோம். மூக்கு மட்டும் மறக்கல.

அம்மா போனை வெச்சதும் இதைப் பத்திப் படிக்க ஆரம்பிச்சேன். மூக்கோட மேல் பகுதி மட்டும்தான் எலும்பு, கீழே எல்லாம் குருத்தெலும்பு. உள்ள ரெண்டு துவாரத்துக்கும் நடுவுல ஒரு தடுப்பு இருக்கு. கூடாரத்துக்கு நடுக்கம்பு மாதிரி. கம்பு சாஞ்சா கூடாரமும் சாயும். சிலருக்கு அது பிறக்கும்போதே சாஞ்சிருக்கும், சிலருக்கு வளர வளர வளையும், சிலருக்கு என்னை மாதிரி அடி. தடுப்பு நூல் பிடிச்ச மாதிரி நேரா இருக்கற ஆளுங்கதான் கம்மியாம். மூக்கு நேரா இருந்தும், முகத்தோட ரெண்டு பாதியும் சமமா இல்லாததால கோணலாத் தெரியறதும் உண்டு.

போட்டோவுக்கும் இதுல பங்கு இருக்கு. தினம் கண்ணாடியில பாக்கறது இடவலம் மாறின முகம். போட்டோவுல கோணல் எதிர்ப்பக்கம் போறதால 'இது யாரோட மூக்கு'ன்னு தோணுது. செல்ஃபி இன்னும் மோசம். 12 அங்குல தூரத்துல எடுத்தா, 5 அடி தள்ளி எடுக்கறதை விட மூக்கு சுமார் 30 சதவீதம் அகலமாத் தெரியும்னு 2018ல ஒரு அமெரிக்க ஆய்வு கணக்குப் போட்டுச்சு.

சரி, உடைஞ்ச மூக்கை அந்தக் காலத்துல என்ன பண்ணாங்க? எகிப்துல, லக்சர்ல 1862ல எட்வின் ஸ்மித்ங்கறவர் ஒரு பாப்பிரஸ் சுருள் வாங்கினார். எழுதினது கிமு 1600 வாக்குல. அதுல மூக்கு முறிவுக்கு வைத்தியம் இருக்கு: கொழுப்புல நனைச்ச துணித்திரியை உள்ள வை, வெளியில விறைப்பான துணிச்சுருள் வெச்சுக் கட்டு. இன்னிக்கு ஆஸ்பத்திரியில செய்யறதும் கிட்டத்தட்ட இதே யோசனைதான்.

நம்ம சுஸ்ருதர் இன்னும் ஒரு படி மேல. இல்லாத மூக்கையே செஞ்சார். மூக்கு அளவுக்கு ஒரு இலையை வெட்டி, அந்த அளவுல கன்னத்துச் சதையை எடுத்து ஒட்டி, மூச்சு விட ரெண்டு குழாய் வைக்கச் சொல்லுது சுஸ்ருத சம்ஹிதை. எட்டாம் நூற்றாண்டு முடியற சமயத்துல, பாக்தாதுல பர்மகி அமைச்சர் யஹ்யா ஆதரவுல, மன்காங்கற இந்திய வைத்தியர் மூலமா அந்த நூல் அரபுக்கும் போச்சு. அப்புறம் ஸ்பெயினோட கொர்தோபாவுல அல் ஜஹ்ராவி (936-1013) தன்னோட அறுவை வைத்திய நூல்ல மூக்கு முறிவுக்குன்னே ஒரு அத்தியாயம் எழுதினார். 2008ல திறந்த ஷார்ஜா இஸ்லாமிய நாகரிக அருங்காட்சியகத்துல அறிவியலுக்குன்னே ஒரு கூடம் இருக்கு. இங்க இருக்கறவங்க ஒரு வெள்ளிக்கிழமை போய்ப் பாருங்க.

இல்லாத மூக்கைச் செய்ய வேண்டிய தேவை ஏன் வந்துச்சு? மூக்கறுக்கறது ஒரு தண்டனை. அவமானப்பட்டவனை இன்னிக்கும் 'மூக்கறுபட்டான்'னுதான் சொல்றோம். மதுரையில அது வெறும் பேச்சு இல்ல. திருமலை நாயக்கரோட கடைசிக் காலம், 1650களோட பின்பாதி. உள்ள புகுந்த மைசூர்ப் படை ஆண், பெண், குழந்தைன்னு பாக்காம மூக்கறுத்ததா சேசு சபைப் பாதிரியார்களோட கடிதங்கள் சொல்லுது. நாயக்கர் நோயில படுத்திருக்க, ராமநாதபுரத்துலேர்ந்து ரகுநாத சேதுபதி படையோட வந்து காப்பாத்தினார். அப்புறம் மதுரைப் படை மைசூர்ச் சீமைக்குள்ள போய் அதே வேலையைப் பண்ணுச்சு. 'மூக்கறுப்புப் போர்'னு பேரு. ரெண்டு பக்கமும் மூக்கை இழந்தது சாதாரண ஜனங்கதான்.

1792 போர்ல கவாஸ்ஜின்னு ஒருத்தர். ஆங்கிலேயப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டினவர். திப்பு ஆட்கள்கிட்ட சிக்கி மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். புனே பக்கம் ஒரு வைத்தியர் மெழுகுல அளவெடுத்து, நெத்தித் தோலைக் கீழ திருப்பி அவருக்குப் புது மூக்கு வெச்சார். லண்டன் ஜென்டில்மேன்ஸ் மேகஸின் 1794 அக்டோபர்ல இதைப் படத்தோட போட்டுச்சு. வைத்தியர் செங்கல் செய்யற சாதின்னு எழுதினவங்க, அவர் பேரை எழுதல. அதை வெச்சு ஜோசப் கார்ப்யூ 1814ல லண்டன்ல இதே சிகிச்சையைச் செஞ்சு, 1816ல புத்தகமே போட்டார். என்னை மாதிரி வளைஞ்ச தடுப்புக்காரங்களுக்கு வழி கிடைச்சது அதுக்கும் அப்புறம்தான்: 1902ல சிகாகோவுல ஃப்ரீர், 1904ல ஜெர்மனியில கில்லியன்.

இதையெல்லாம் படிச்சிட்டு அம்மாவுக்குப் போன் போட்டேன். "மூக்கே போனவங்க கதையெல்லாம் இருக்கும்மா, என்னுது கொஞ்சம் சாஞ்சிருக்கு, அவ்ளோதான்"னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. அப்புறம், "அன்னிக்கே உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்கணும்டா. அப்பா இல்லாம, கையில காசும் இல்லாம, வீக்கம் வடிஞ்சா போதும்னு விட்டுட்டேன்"னாங்க. அப்பா அப்போ இங்க துபாய்லதான் இருந்தார். விசா மாத்தற இழுபறியில மூணு மாசமா பணம் வராத சமயம் அது. பொண்ணு பாக்கறதெல்லாம் சும்மா சாக்கு. இத்தனை வருஷமா என் மூக்கைப் பாக்கும்போதெல்லாம் அம்மாவுக்கு அந்த நாள்தான் ஞாபகம் வந்திருக்கு.

அழகுக்காக ஆபரேஷன் வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன். ஆனா இடது பக்கம் மூச்சு சரியா வர்றதில்ல, குறட்டை தாங்காம ரூம்மேட் வேற ரூம் தேடறான். அதுக்காக டாக்டரைப் பாக்கறேன்னு அம்மாகிட்ட சத்தியம் பண்ணியிருக்கேன்.

உங்க வீட்டுப் பசங்களுக்கு மூக்குல பந்து பட்டா, வீக்கம் வடியட்டும்னு விட்டுடாதீங்க. மூக்கு அடைச்சுக்கிட்டாலோ, உள்ள தடுப்பு வீங்கியிருந்தாலோ அன்னிக்கே காட்டணும். உள்ள ரத்தம் கட்டினா குருத்தெலும்பு அழுகிடும். எலும்பு விலகியிருந்தா முதல் ஒரு வாரம், பத்து நாளுக்குள்ள நிமிர்த்தறது சுலபம். விட்டா என்னை மாதிரி சரித்திரம் படிக்க வேண்டியதுதான் :)