முகத்தில் விழும் குத்து: மதங்கள் ஏன் குத்துச்சண்டையை எதிர்த்தன?

1987ஆம் ஆண்டு ஒக்டோபர் 17 முதல் 21 வரை மக்கா நகரில் உலக முஸ்லிம் லீக்கின் இஸ்லாமிய ஃபிக்ஹுச் சபை தனது பத்தாவது அமர்வை நடத்தியது. மார்க்க அறிஞர்கள் கூடிய அந்த அமர்வில் குத்துச்சண்டை, எதிராளியைக் காயப்படுத்த இடமளிக்கும் கட்டற்ற மல்யுத்தம், காளைச் சண்டை ஆகிய மூன்றும் ஆராயப்பட்டன. மூன்றும் ஹராம் என்பதே முடிவு. குத்துச்சண்டையைப் பற்றி அவர்கள் சொன்ன காரணம் கவனத்துக்குரியது. கண்பார்வை இழப்பு, மூளைச் சேதம், மரணம் வரை கொண்டுசெல்லக்கூடிய தாக்குதலுக்கு அங்கே முன்கூட்டியே அனுமதி வழங்கப்படுகிறது. அடித்தவனுக்கு எந்தப் பொறுப்பும் இல்லை. வீழ்ந்தவனின் துன்பத்தைக் கண்டு கூட்டம் களிப்படைகிறது. ஆகவே இதனை விளையாட்டு என்று அழைப்பதே தகாது என்றனர்.

இத்தீர்ப்புக்கு அடித்தளமான நபிமொழி முஸ்லிம் வாசகர்களுக்குப் புதிதல்ல. சண்டையிட நேர்ந்தாலும் முகத்தில் அடிப்பதைத் தவிர்க்குமாறு நபிகளார் அறிவுறுத்தியதை ஸஹீஹ் முஸ்லிம் உள்ளிட்ட தொகுப்புகள் பதிவு செய்துள்ளன. அதே நபிகளார் ருகானா என்ற மல்லரோடு மல்யுத்தம் செய்து வென்றார் என்பதும் மரபில் உள்ள செய்தியே. எனவே விலக்கப்பட்டது உடல் வலிமையன்று, போட்டியுமன்று. பிறனுடைய முகத்தையும் தலையையும் இலக்காக்கி அடிப்பதே விலக்கப்பட்டது.

இந்த வேறுபாட்டை எங்கள் கிழக்குக் கரையோரத்தில் வாழ்பவர்கள் எளிதில் விளங்கிக்கொள்வர். காரைதீவுக்கு வடக்கே சாய்ந்தமருதும் கல்முனையும், தெற்கே நிந்தவூரும், மேற்கே சம்மாந்துறையும் உள்ளன. இப்பகுதி முஸ்லிம் ஊர்களில் சீனடியும் சிலம்படியும் தலைமுறை தலைமுறையாகப் பயிலப்பட்டு வந்தவை. அண்ணாவியாரிடம் முறைப்படி கற்று, திருமணத்திலும் சுன்னத்து வைபவத்திலும் பெருநாளிலும் ஆடிக்காட்டுவது வழக்கம். அங்கே கம்பு எதிராளியின் தலையை நெருங்கும். ஆனால் தலையைப் பிளப்பது ஆட்டத்தின் நோக்கமன்று. நெருங்கிய அடியைத் தடுப்பதிலும் விலகுவதிலுமே கலை இருக்கிறது.

தமிழ் ஊர்களின் கண்ணகி வழிபாட்டோடு இணைந்த கொம்புமுறி விளையாட்டையும் இங்கே நினைவுகூரலாம். ஊர் வடசேரி, தென்சேரி என்று கோவலன் பக்கமாகவும் கண்ணகி பக்கமாகவும் பிரிந்து நிற்கும். இரு கொம்புகளைக் கொளுவி, ஒன்று முறியும் வரை கயிற்றால் இழுப்பர். போட்டி கடுமையானது, வசையும் உண்டு, சில வேளைகளில் கைகலப்பும் நேர்ந்ததுண்டு. ஆயினும் முறிவது மரக்கொம்பே. மனித எலும்பு முறிய வேண்டும் என்று விதி இல்லை.

காரைதீவு ஈன்ற சுவாமி விபுலாநந்தர் கல்முனையில் மெதடிஸ்தரிடமும் மட்டக்களப்பில் கத்தோலிக்கரின் புனித மைக்கேல் கல்லூரியிலும் கற்று, பின்னர் இராமகிருஷ்ண மிஷனில் துறவியானவர். அந்த மிஷனை நிறுவிய விவேகானந்தர் உடற்பலத்தை வலியுறுத்தியவர். இளமையில் அவரே குத்துச்சண்டை பயின்றார் என்று அவரது வரலாறுகள் கூறும். இங்கும் பலம் போற்றப்பட்டதேயன்றி வெறுக்கப்படவில்லை.

கிறிஸ்தவ உலகின் கதை சற்றுச் சிக்கலானது. 1910 யூலை 4ஆம் திகதி நடந்த ஜாக் ஜோன்சன் – ஜிம் ஜெஃப்ரிஸ் போட்டி முதலில் சான் பிரான்சிஸ்கோவில் நடைபெறவிருந்தது. பாதிரிமாரின் எதிர்ப்பு வலுத்ததும் கலிபோர்னிய ஆளுநர் தடுத்தார். போட்டி ரீனோ நகருக்கு மாறியது. கறுப்பினத்தவரான ஜோன்சன் வெள்ளையரான ஜெஃப்ரிஸை வீழ்த்தினார். தொடர்ந்து அமெரிக்க நகரங்களில் இனக்கலவரங்கள் வெடித்தன. அப்போட்டியின் திரைப்படத்தைத் தடை செய்யக் கோரிக் கிறிஸ்தவ அமைப்புகள் இயக்கம் நடத்தின.

அடுத்த ஆண்டு இலண்டனில் ஜோன்சனும் ஆங்கிலேயரான பில்லி வெல்ஸும் மோதவிருந்தனர். பப்டிஸ்ட் போதகர் எஃப். பி. மேயர் எதிர்ப்புக்குத் தலைமை தாங்கினார். உள்நாட்டமைச்சராக இருந்த வின்ஸ்டன் சர்ச்சில் தலையிட்டார், போட்டி கைவிடப்பட்டது. ஒழுக்கம் பற்றிய கவலை அதில் இல்லாமலில்லை. ஆனால் வெள்ளையனைக் கறுப்பன் வீழ்த்துவதைக் குடியேற்ற நாட்டு மக்கள் காணக்கூடாதே என்ற அச்சமும் அதன் உள்ளே இருந்தது. மதத்தின் குரலில் வேறொரு குரல் கலந்து ஒலித்த நேரம் அது.

ஏனெனில் அதே சாம்ராஜ்யம் குத்துச்சண்டையைத் தன் பிள்ளைகளுக்கு ஒழுக்கக் கல்வியாகவே போதித்தது. இலங்கையில் குடியேற்றச் செயலாளராக இருந்த ஸ்டப்ஸின் பெயரில் பாடசாலைகளுக்கான ஸ்டப்ஸ் கேடயப் போட்டி 1914இல் தொடங்கியது. கிறிஸ்தவ மிஷன் கல்லூரிகளும் அதில் உற்சாகத்துடன் பங்குபற்றின. 1938இல் சிட்னி நகரில் நடந்த பேரரசு விளையாட்டு விழாவில் பார்னி ஹென்றிகஸ் இலங்கைக்குத் தங்கப்பதக்கம் பெற்றுத் தந்ததும் குத்துச்சண்டையிலேதான்.

முஸ்லிம் உலகில் குத்துச்சண்டை என்றதும் எவர் மனதிலும் எழும் பெயர் முஹம்மத் அலி. அவரை மதத்துக்குள் அழைத்துச் சென்ற ‘நேஷன் ஒஃப் இஸ்லாம்’ அமைப்பின் தலைவர் எலைஜா முஹம்மத் தொழில்முறை விளையாட்டை விரும்பாதவர் என்பது பலருக்குத் தெரியாது. வியட்நாம் போருக்குச் செல்ல மறுத்து 1967இல் பட்டத்தை இழந்த அலி, பணத்துக்காக மீண்டும் மேடையேறத் தயார் என்று 1969இல் கூறினார். உடனே எலைஜா அவரை அமைப்பிலிருந்து ஓராண்டு இடைநிறுத்தினார். ‘முஹம்மத் அலி’ என்று அழைக்கவும் மறுத்தார். அரசு அவரைத் தண்டித்தது, போரை மறுத்தமைக்காக. அமைப்பு அவரைத் தண்டித்தது, குத்துச்சண்டையை நாடியமைக்காக.

1980 ஜனவரியில் அலி சென்னைக்கு வந்து நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எலிஸுடன் காட்சிப் போட்டி ஆடியபோது, முதலமைச்சர் எம்.ஜி.ஆர். முன்னிலையில் மக்கள் வெள்ளம் ஆரவாரித்தது. நான்கே ஆண்டுகளில், 1984இல், அவருக்குப் பார்க்கின்சன் நோய் இருப்பது தெரியவந்தது. அதற்குக் குத்துகள் எவ்வளவு காரணம் என்பதில் வைத்தியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் நடுங்கும் அவரது கையைக் கண்ட எவரும் இவ்விளையாட்டைப் பழைய கண்ணோடு பார்த்திருக்க முடியாது.

மருத்துவம் இதற்கு வெகு முன்பே எச்சரித்திருந்தது. குத்துச்சண்டை வீரர்களின் மூளைப் பாதிப்பைப் பற்றி ஹரிசன் மார்ட்லண்ட் எழுதிய கட்டுரை 1928இல் வெளியானது. 1983இல் உலக மருத்துவச் சங்கம் குத்துச்சண்டையைத் தடை செய்ய வேண்டும் என்றது. மக்கா அமர்வு கூடியது அதற்கு நான்கு ஆண்டுகளின் பின்னரே. கத்தோலிக்கத் தரப்பிலும், வத்திக்கானின் மேற்பார்வையில் வெளிவரும் இயேசு சபையினரின் ‘லா சிவில்த்தா கத்தோலிகா’ இதழ் 2005இல் தொழில்முறைக் குத்துச்சண்டையை ஒழுக்கக்கேடு என்று வன்மையாகக் கண்டித்தது. தனித்தனி வழியில் நடந்தவர்கள் ஒரே சந்தியில் வந்து நின்றனர்.

ஆனால் தீர்ப்புகளைவிடப் பணத்துக்கு வலிமை அதிகம். 2019 டிசெம்பர் 7ஆம் திகதி அன்டி ரூயிஸும் அன்ரனி ஜோஷுவாவும் உலகப் பட்டத்துக்காக மோதிய இடம் சவூதி அரேபியாவின் திரிய்யா. மக்கா அமைந்துள்ள அதே நாடு! ஆப்கானிஸ்தானிலோ, 2024 ஆகஸ்டில் கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டிகள் மார்க்கத்துக்கு முரண் என்று தலிபான் ஆட்சி தடை விதித்தது. தெலங்கானாவின் நிஜாமாபாத்தைச் சேர்ந்த நிகத் சரீன் என்ற முஸ்லிம் பெண் 2022இலும் 2023இலும் உலகச் சம்பியனானார். ஒரே மார்க்கத்தைச் சேர்ந்தவர்களிடையே இத்தனை வேறுபட்ட நிலைகள்.

இவற்றுள் எது சரி என்று தீர்ப்பளிப்பது பத்திரிகையாளனின் வேலையன்று. ஆயினும் வரலாறு ஒன்றை உணர்த்துகிறது. யார் அடிக்கிறார், எந்த நிறத்தவர், ஆணா பெண்ணா என்று பார்த்து எழுந்த எதிர்ப்புகள் காலத்தின் முன் நிலைக்கவில்லை. 1911இல் இலண்டனில் எழுந்த குரல் இன்று நமக்குக் கூச்சத்தைத் தருகிறது. அடி எங்கே விழுகிறது, விழுந்தவனுக்கு என்ன நேர்கிறது என்று கேட்ட எதிர்ப்பு மட்டும் இன்றும் பதிலை எதிர்பார்த்து நிற்கிறது. பெருந்தொகைப் பரிசுக்காக மேடையேறுபவர்களில் அநேகர் ஏழை வீட்டுப் பிள்ளைகள். அவர்களது தலையில் விழும் குத்துக்குக் கைதட்டும் நாம், அதன் பின்னர் அவர்கள் வாழும் ஆண்டுகளுக்கு யார் பொறுப்பு என்று கேட்பதில்லை. மக்காவில் கூடிய அறிஞர்கள் அந்தக் கேள்வியைக் கேட்டார்கள். அவர்களது முடிவை ஏற்பவரும் ஏற்காதவரும் கேள்வியை மறுக்க இயலாது.