ரொறன்ரோவிலிருந்து கந்தளாய்: எத்தனை மணி நேரம்?

எங்கள் ஒழுங்கையில் ஒரு பெரியவர் காலமானார். போர்க்காலத்தில் வெளியேறிய ஒரே மகன் ரொறன்ரோவில். "திங்கள் பின்னேரம் ரெண்டு மணிக்கு பிளைட்டாம். எப்ப வந்து சேருவான்? வடிவாப் பார்த்துச் சொல்லுங்கோ தம்பி" என்று கேட்டார்கள். இணையத்தில் இரு விமான நிலையங்களின் பெயரையும் போட்டேன். 14,000 கிலோமீற்றர், 17 மணி நேரம் என்று வந்தது. செவ்வாய் காலை என்றேன். செவ்வாய் நான்கு மணிக்குத் தகனம் என்று முடிவாயிற்று.

செவ்வாய் மதியம் தாண்டி மகன் அழைத்தார். அப்போதுதான் டுபாயில் இறங்கியிருந்தார்.

என் பிழை எங்கே? அந்த 14,000 என்பது பூமியின் வளைவை ஒட்டி அளந்த மிகக் குறுகிய தூரம். அந்தக் கோடு இந்தியா, ரஷ்யா, கிறீன்லாந்து மேலாகப் போகிறது. தட்டையான வரைபடத்தில் பார்த்தால் நம்பமாட்டீர்கள். அந்தக் கோட்டில் கட்டுநாயக்கவுக்கு நேரடி விமானம் இல்லை. லண்டனிலிருந்து என்றால் உண்டு. 8,700 கிலோமீற்றர், ஏறத்தாழ 11 மணி நேரம். ரொறன்ரோக்காரர் எங்காவது மாறித்தான் வரவேண்டும். டுபாய் வழி என்றால் 11,080 கிலோமீற்றரும் 3,290 கிலோமீற்றரும். தூரம் அவ்வளவு கூடவில்லை. நேரம்தான் கூடுகிறது.

அடுத்தது மணிக்கூடு. பயணச்சீட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். கனடாவின் கோடையில் ரொறன்ரோ நமக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் பத்தரை. அது கோடை. அங்கே திங்கள் பிற்பகல் 2 மணி என்றால் இங்கே இரவு 11.30. நானோ இரண்டு மணியிலிருந்தே எண்ணத் தொடங்கியிருந்தேன்.

சரியான கணக்கு இதுதான். டுபாய்க்கு 13 மணி நேரம்: நமது நேரம் செவ்வாய் பகல் 12.30. அங்கே மூன்று மணி நேரக் காத்திருப்பு. பிறகு நாலரை மணி நேரப் பறப்பு: கட்டுநாயக்கவில் இரவு 8. குடிவரவும் பொதிகளும் ஒன்றரை மணி நேரம். பிறகு குருநாகல், தம்புள்ளை, ஹபறணை வழியாக வானில் ஐந்து மணி நேரம். வீட்டுப் படலையில் புதன் அதிகாலை 2.30. ஏறியதிலிருந்து 27 மணி நேரம். (சீனன்குடாவில் ஓடுபாதை இருக்கிறது, எங்களுக்கு ஒரு மணி நேரத்துக்குள். ஆனால் அது விமானப்படைத் தளம்.)

திரும்பிச் செல்பவருக்கு இன்னும் கூடும். வடக்கே உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் கடுங்காற்று வரும்போது தள்ளிவிடும், போகும்போது எதிர்க்கும். டுபாயிலிருந்து ரொறன்ரோவுக்கு 14 மணி நேரம் வரை ஆகும்.

மலர்ச்சாலையில் உடலைப் பதனிட்டிருந்ததால் தப்பினோம். பறை அடிக்க வந்தவர்கள் திரும்பிப் போய் மறுநாள் வந்தார்கள். அவர்களுடைய கூலியில் ஒரு பங்கை நான் கொடுத்தேன். புதன் காலை பத்து மணிக்கு மகன் கொள்ளி வைத்தார்.

இப்படி ஒரு நாள் உங்கள் வீட்டிலும் வந்தால், பயணச்சீட்டின் படத்தை அனுப்பச் சொல்லுங்கள். கட்டுநாயக்கவில் இறங்கும் நேரத்தை மட்டும் பாருங்கள். அது நமது நேரத்திலேயே இருக்கும். திகதியையும் பாருங்கள். அதோடு ஆறரை மணி நேரத்தைக் கூட்டிய பிறகு தகனத்துக்கு நேரம் குறியுங்கள்.